மற்றவர் வசனத்தை முடிக்காதவர்

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் இரண்டு எலிவேற்றர்கள். ஒன்று மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது. அதனால் மற்றது எந்த நேரமும் ஆட்களால் நிறைந்திருக்கும். அப்படி நெருக்கியடித்துக்கொண்டு மேலே போன ஒரு மாலையில்தான், அதே கட்டடத்தில் இருந்த அந்தப் பெண் என் மனைவியிடம் கேட்டார்.

"அக்கா, எப்படி இருக்கிறியள்?"

வழக்கம்போல நான் பதில் சொன்னேன். "நல்ல முன்னேற்றம் பிள்ளை. இப்ப டொக்டரிட்டைப் போட்டுத்தான் வாறம். அவரும் திறம் எண்டு சொல்லிவிட்டவர்."

அவர் எனக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு மறுபடியும் என் மனைவியையே பார்த்தார். ஒன்பதாம் மாடி வந்தது. அது அவருடைய மாடி. இறங்கினார், ஆனால் போகவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இன்னும் மூன்று மாடி போகவேண்டும். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சாமான் பைகளோடு நின்றார்கள். கதவு மூடப் பார்ப்பதும் கீச்சிடுவதுமாக இருந்தது. யாரோ சத்தமாகப் பெருமூச்சு விட்டார்.

என் மனைவிக்கு மூளையில் ஸ்ரோக் வந்து அப்போது இரண்டு வருடம். வலது கை கொஞ்சம் தேறியிருந்தது, பேச்சு தேறவில்லை. அவளுடைய உதடுகள் அசைந்தன. உதவி செய்ய நான் வாயைத் திறந்தேன்.

"பொறுங்கோ அண்ணை, வருது," என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.

"ப…" என்றாள் என் மனைவி. கதவு இன்னொரு முறை கீச்சிட்டது. "ப… பசி."

"ஐயோ, அப்ப கெதியாப் போய்ச் சாப்பிடுங்கோ அக்கா," என்று சிரித்தபடி கதவை விட்டார்.

அன்று காலையிலிருந்து டொக்டர், இரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை என்று அலைந்ததில் அவளுக்கு நான் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அத்தனை பேர் முன்னிலையில் என்னைவிட வயதில் சின்னப் பெண் ஒருத்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டாள் என்ற கோபத்தோடு வீட்டுக்குள் போனேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களின் பெயரைத் தான் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாதவர் அவர். அவரைப் பற்றி எழுதும்போது நானும் அந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதுதான் முறை.

மன்னாரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தாயோடு இங்கே வந்தவர். நான் பழகிய காலத்தில் அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில், பேசச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து உதவுகிற வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டே, அமெரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான முதுமாணிப் பட்டத்தைத் தொலைக்கல்வியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. "அங்கை எப்படிப் பிள்ளை, மலை கிலை இருக்குதோ?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியேல்ல அண்ணை. நான் ஸ்கிரீனில கண்டதெல்லாம் ரீச்சர்மாரின்ர வீட்டுப் புத்தக அலுமாரிதான்," என்றார்.

வகுப்புகள் பின்னேரங்களில் நடக்கும். கமெராவைப் போட்டுக்கொண்டு முகம் தெரிய இருக்கவேண்டும் என்பது விதி. அவருடைய வீட்டுக்கு மேல்வீட்டில் தரை மாற்றும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. அதனால் கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்தில் தன் காருக்குள் இருந்து படிப்பார். லப்டொப் ஸ்ரியறிங்கில் சாய்ந்திருக்கும். குளிர்காலத்தில் பெரிய ஜக்கெற்றோடும் தொப்பியோடும் இருப்பார். கார் பழுதாகி ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து வழிப்போக்கர்கள் கண்ணாடியில் தட்டுவார்கள். ஒரு நாள் நானும் தட்டினேன். வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. முன்னால் டாஷ்போர்டில் சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்ரிக்கில் ஏதோ ஒன்று நின்றது.

"இது என்ன பிள்ளை?"

"குரல்வளை அண்ணை. இது இல்லாட்டி உங்கட உழைப்பு இல்லை."

உண்மைதான். நான் இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தவன். அகதி விசாரணை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ போய், ஆங்கிலம் தெரியாத எங்கள் சனங்களுக்காக வாய் திறந்தவன். அவர் என் வாயைச் சிறிது நேரம் கூர்ந்து பார்த்தார்.

"அண்ணை, ஒருக்கா வாழைப்பழம் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்.

"வாளைப்பளம் எண்டுதான் கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. தமிழை விற்றுச் சாப்பிட்டவனிடம் சொல்லுகிற பேச்சா இது?

"பிழை எண்டு சொல்லேல்லை அண்ணை," என்றார். "எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். நானும் அப்பிடித்தான். உங்கட நாக்கு எங்கை போகுது எண்டு பாத்தனான். நல்ல வடிவாப் போகுது."

இப்படித்தான் அவர். நாம் சொல்லும் விஷயத்தைவிட நாம் அதைச் சொல்லி முடிக்கிறோமா என்பதில்தான் அவருக்கு அக்கறை. கடையில் விலை கேட்கும் கிழவர் சொல் கிடைக்காமல் நின்றால், வரிசையில் பின்னால் நிற்கும் எல்லோரும் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். இவர் மட்டும் சும்மா நிற்பார். முகத்தைப் பார்த்து நெருக்குதல் கொடுக்கமாட்டார். சட்டைப் பொத்தானையோ கையையோ பார்த்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலை இல்லாதவர்போல நிற்பார். தேவாலயத்தில் பூசை முடிந்து கதைக்கும்போது பலருக்கு அது பிடிக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாம் பேசி முடித்த பின்னும் அவர் ஒரு கணம் பொறுப்பார். அந்தக் கணத்தில், சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவோம்.

அவருடைய கணவர் பிறம்ரனிலிருந்து தூர இடங்களுக்கு ட்ரக் ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். "அண்ணை, றோட்டில சிக்னல் இல்லாம போன் விட்டுவிட்டுப் போகும். மற்றவையின்ர மனிசிமார் ஹலோ ஹலோ எண்டு கத்துவினம். இவ பேசாம இருப்பா. சிக்னல் வந்ததும் நான் விட்ட இடத்தில இருந்து கதைக்கலாம். ஆனா ஒண்டையும் மறைக்கேலாது. இவவோட கதைக்கிறது ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யிறமாதிரி."

ஏன் இப்படி ஆனார் என்பதைத் தானாகச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். இங்கே வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில், ஒரு ஆசிரியை அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பா ஊரில் காணாமல் போயிருந்தார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல் தேடிக்கொண்டிருந்தது. ஆசிரியை நல்லவர், பிள்ளை சிரமப்படுவதைப் பொறுக்காமல், "அப்பா வேலையில் இருக்கிறாரா?" என்று எடுத்துக் கொடுத்தார். பிள்ளை ஓம் என்றது. "அந்த வருசம் முழுக்க என்ர அப்பா வேலையில இருந்தவர் அண்ணை," என்றார். "ஃபாதர்ஸ் டேக்கு அவருக்கு ஒரு கார்ட்டும் செய்தனான்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார்.

படிப்பின் கடைசி வருடத்தில் அவர் நேரில் பயிற்சி எடுக்கவேண்டி வந்தது. வகுப்பைத்தான் லப்டொப்பில் படிக்கலாம். நோயாளிகளை, தகுதி பெற்ற ஒருவருடைய கண்காணிப்பில், ஒரே அறையில் இருந்து பார்க்கவேண்டும். அதற்காகப் பள்ளிக்கூட வேலையில் சம்பளமில்லாத விடுமுறை எடுத்தார். முதல் பயிற்சி சிறுபிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தில். அங்கே இருந்த கண்காணிப்பாளர் கடைசியில் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது: அளவுக்கு மேல் காத்திருக்கிறார், நேரம் வீணாகிறது. அவர் அதை எனக்கும் என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினார்.

"அடுத்த இடத்திலயும் இப்பிடி எழுதினா இந்தத் தவணை திரும்பச் செய்யவேணும். லீவு இன்னொருக்காத் தரமாட்டினம்."

"அப்ப கொஞ்சம் கெதியாச் செய்யன் பிள்ளை," என்றேன்.

"முயற்சி செய்யிறன் அண்ணை," என்றார். அவருடைய குரலில் சோர்வை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவரைப் பற்றிய சித்திரம் முழுமையாகாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள உடுப்புத் தோய்க்கும் அறையில், இரண்டு பேரும் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்காவுக்கு ஏன் ஸ்பீச் தெரப்பியை நிப்பாட்டினவை?" என்று கேட்டார்.

"அவையள் செய்தது காணும், இனித் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

அவர் ஒரு துவாயை மடித்தார்.

"தமிழில நல்லாக் கதைக்கிறா, இங்கிலிஷ்தான் பிரச்சினை எண்டு ரிப்போட்டில எழுதினவை," என்றேன்.

இன்னொரு துவாயை மடித்தார். உலர்த்தும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால், "அதெப்படி? தமிழிலயும் கதைக்கிறா இல்லையே" என்று கேட்டிருப்பார்கள். நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னுடைய கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை நாலாக மடித்து, பிறகு விரித்து, மறுபடி மடித்தேன்.

"நான்தான் மொழிபெயர்த்தனான்," என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிட்டது. ஸ்ரோக் வந்த சில வாரங்களில் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை. அன்றைக்கு ஒழுங்கு செய்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "நான் தொழில்முறை மொழிபெயர்ப்பாளன்" என்று சொல்லி நானே உட்கார்ந்தேன். படத்தைக் காட்டிக் கேட்டார்கள். அவள், "தலை… தலை…" என்றாள். நான் ஆங்கிலத்தில் "சீப்பு" என்றேன். வீடு தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவள், "தண்ணி… இவர்… ஓடு…" என்றாள். "கணவரை எழுப்புவேன், வெளியே ஓடுவேன், உதவிக்குக் கூப்பிடுவேன்" என்று நான் சொன்னேன். முழு வசனங்களாக, அழகாக. என் மனைவி வாய்க்காரி. வேலை செய்த பேக்கரியில் அவளோடு வாதாடி வென்றவர் கிடையாது. அவள் இப்படித் திக்கித் திணறுவதை, முன்பின் தெரியாத ஒருவர் காகிதத்தில் குறித்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆறு தடவை பயிற்சி கொடுத்தார்கள். தாய்மொழியில் பேச்சு நன்றாக இருப்பதால் இது போதும் என்று முடித்துவிட்டார்கள்.

சொல்லி முடித்தபோது உலர்த்தும் இயந்திரமும் நின்றிருந்தது.

"எத்தினை வருசம் இந்த வேலை செய்தனீங்கள் அண்ணை?"

"இருபத்திரண்டு."

"வேற ஆருக்காவது கூட்டிச் சொல்லியிருக்கிறியளோ?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அக்காவுக்கு மட்டும்."

"அவவுக்கு மட்டும்."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த தலையணை உறையை வாங்கி மடித்துக் கூடைக்குள் வைத்தார்.

"திங்கட்கிழமை டொக்டருக்குப் போன் எடுங்கோ. எனக்குச் சொன்னதை அப்பிடியே அவருக்குச் சொல்லுங்கோ. புதுசா ஒரு பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கோ. இரண்டு வருசம் போனாலும் பயிற்சியால பலன் இருக்கும்."

"நீ கொஞ்சம் பழக்கிவிடன் பிள்ளை. வீட்டிலதானே இருக்கிறம்."

"மாட்டன் அண்ணை. எனக்கு இன்னும் லைசன்ஸ் இல்லை. ஒரு சொல்லுக்கும் பழக்கமாட்டன். பக்கத்து வீட்டுக்காரியா வந்து தேத்தண்ணி குடிப்பன்." கூடையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றார். "டொக்டருக்குச் சொல்ல முந்தி அக்காவுக்குச் சொல்லுங்கோ."

மேலே போய் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்ததை இரண்டாம் தடவையாக ஒரே நாளில் சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உதடுகள் அசைந்தன. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"தெ…" என்றாள். "தெரியும்."

எனக்கு உடம்பு கூசியது. அவளுக்கு எல்லாம் விளங்கும் என்று டொக்டர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். நான் அவள் வாயில் வைத்த வசனங்களை அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் அவளிடம் பேச்சு இல்லை. இடது கையை எட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கத்தான் குட்டினாள். அன்று பின்னேரம் சோபாவில் சாய்ந்தவன் விளக்கு வைக்கும்வரை தூங்கிவிட்டேன். அப்படித் தூங்கி எவ்வளவோ காலம்.

டொக்டர் கடிந்துகொண்டார், ஆனால் எழுதித் தந்தார். டொக்டர் அனுப்பிய நிலையத்தில்தான் வசந்தகாலத்தில், படித்துக்கொண்டிருந்த இவருக்கும் இரண்டாவது பயிற்சி கிடைத்தது. நாங்கள் அயலவர் என்பதை இவர் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார். கண்காணிப்பாளர் குட்டையாக நரைமுடி வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. யோசித்தாராம். அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. கடைசியில், தானும் கூட இருப்பது, எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து வெளியே ஒருவரிடம் சரிபார்ப்பது என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். இது இவருடைய கடைசி மதிப்பீடுகளில் ஒன்று.

சின்ன அறை. வட்ட மேசை. கதவோரம் எனக்கு ஒரு கதிரை.

"அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லை," என்றார்.

படங்கள் தொடங்கின. சில சொற்கள் உடனே வந்தன. "கோழி" என்று அவள் சட்டென்று சொன்னபோது கை தட்டவேண்டும்போல இருந்தது. பிறகு சீப்பு வந்தது. "தலை…" என்றாள். மேசையில் இருந்த பென்சிலை இடது கையால் எடுத்துத் தலையை வாரினாள். இவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். "சீ… சீப்பு." இவர் குறித்துக்கொண்டார். குடை வரவேயில்லை. எவ்வளவு பொறுத்தும் வரவில்லை. இவர் வரவில்லை என்றே எழுதினார். அந்தக் காகிதம் நிறைய அப்படித்தான் எழுதவேண்டி வந்தது. நான் கட்டிக் காப்பாற்றிய மானம் எல்லாம் அந்த மேசையில் போய்க்கொண்டிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு மூச்சு லேசாக வந்துகொண்டிருந்தது.

கடைசிக் கேள்வியை இவர் தமிழில் மெதுவாகக் கேட்டார். "அக்கா, பேச்சு வந்தால் முதல்ல என்ன செய்ய விருப்பம்?"

பதில் எனக்குத் தெரியும். மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் மகளோடு போனில் கதைக்கவேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்த பதில் அதுதான்.

"ச…" என்றாள் மனைவி.

சமையல் என்று நினைத்தேன். சர்ச் என்று நினைக்க வழியில்லை, நாங்கள் சைவ சமயத்தவர். சந்தோஷம்? மனம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. வாய் மூடியிருந்தது. கண்காணிப்பாளர் பேனையை மேசையில் வைத்தார். இவர் அசையவில்லை. ஆனால் மேசைக்குக் கீழே இவருடைய கால்விரல்கள் சப்பாத்துக்குள் அழுந்துவது எனக்குத் தெரிந்தது. அந்த மௌனத்துக்கு விலை தன்னுடைய தவணையாக இருக்கலாம் என்பது இவருக்குத் தெரியாதா என்ன?

"சண்…" மனைவி கண்ணை மூடித் திறந்தாள். இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினாள். "இவரோட… சண்டை… பிடிக்கோணும்."

அவள்தான் முதலில் சிரித்தாள். கண்காணிப்பாளர் எங்களை மாறி மாறிப் பார்த்து, "என்ன சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. அப்பிடியே."

விசாரணை அறைகளில் எழுந்து நிற்கும் பழக்கத்தில் எழுந்து நின்றேன். அவள் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவள் நின்ற இடங்களில் நானும் நின்றேன். கண்காணிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பேனையை எடுத்து நீண்ட நேரம் எழுதினார்.

வாரத்துக்கு இரண்டு தடவை தமிழிலேயே பயிற்சி என்று முடிவானது. இவருடைய மதிப்பீட்டிலும் நல்ல பெறுபேறு வந்தது. ஆனாலும் காத்திருப்பதைப் பற்றி அந்தப் பெண்மணியும் ஒரு வரி எழுதியிருந்தார்: எப்போது காத்திருப்பது என்று இவருக்குத் தெரியும், எப்போது முதல் எழுத்தைக் கொடுத்து உதவுவது என்பதை இனிப் பழகவேண்டும். நான் இவருக்காகக் கொதித்தேன். இவர் கொதிக்கவில்லை.

"அவ சொன்னது சரி அண்ணை. குடைக்கு 'கு' எண்டு ஒருக்கா எடுத்துக் குடுத்திருக்கலாம். சில பேருக்குக் காத்திருக்கிறதும் கைவிட்டமாதிரிப் போயிடும். இவ்வளவு நாளும் எனக்கு அது மண்டையில ஓடேல்லை."

அடுத்த கிழமையே குடை வந்தது, "கு" கொடுத்ததும்.

பட்டமளிப்பு அமெரிக்காவில் நடந்தது. போக விசாவும் லீவும் பார்த்து மினைக்கெட இவருக்கு மனமில்லை. ஒரு சனிக்கிழமை காலை இவருடைய வீட்டில் ரிவியோடு லப்டொப்பை இணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். இவர், கணவர், மகள், நாங்கள் இருவர். இவர் சேலை உடுத்து, தபாலில் வந்த கறுப்பு அங்கியை மேலே போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தார். மண்டபத்துக்கு வராதவர்களின் பெயர்களை ஒருவர் மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கணவர் கைபேசியில் படம் பிடிக்கத் தயாராக நின்றார்.

இவருடைய பெயர் நீளமானது. கணவரின் பெயரும் சேர்ந்து பதினாறு, பதினேழு எழுத்து வரும். திரையில் அந்தப் பெயர் விழுந்தது. வாசிக்கிறவர் வாயைத் திறந்தார். முதல் அசையைச் சொன்னார். நின்றார். கண்ணாடியைச் சரிசெய்தார். மறுபடி முதல் அசையைச் சொன்னார்.

"ஓ மை கோட், ஹி காண்ட் ஈவன்," என்று மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"டேய், வாசியடா," என்று கணவர் ரிவியைப் பார்த்துக் கத்தினார்.

"பொறுங்கோ," என்றார் இவர். "வருது."

வந்தது. அசை அசையாக, இரண்டு இடத்தில் தவறி, ஒரு இடத்தில் திரும்பிப் போய், கடைசி எழுத்துவரை வந்து சேர்ந்தது. யாருடைய பெயர் அது என்று எங்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வந்தது. ஆனால் அந்த மனிதர் பாதியில் விட்டுவிடவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்பாக இவர்தான் முதலில் கை தட்டினார். கணவர் அந்தக் களேபரத்தில் படம் பிடிக்க மறந்துபோனார். பிறகுதான் இவருடைய கண் நிறைந்தது. அங்கியோடு எழுந்து அடுப்படிப் பக்கம், குசினிக்குள் போய்விட்டார்.

என் மனைவி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து அவளும் குசினிக்குள் போனாள்.

சில மாதங்களில் இவருக்கு லைசன்ஸ் கிடைத்து, வடக்கே ஒரு ஊரின் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அவருடைய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பட்டமளிப்புச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வரும். குசினிக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. ஒரு சொல், பிறகு இடைவெளி, பிறகு இரண்டு சொல். என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவருடைய குரல் கேட்கவேயில்லை.

"போய்ப் பாக்கட்டோ அண்ணை?" என்று கணவர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி," என்றேன். "அவை கதைக்கினம்."

எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. மேசையில் இருந்த தட்டிலிருந்து ஒரு மட்டன் றோல்ஸை எடுத்து, ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன்.